மறு: மூளையில் சொல்லை அடையாளம் காணும் பகுதிக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் 'விஷுவல் வேர்ட் ஃபார்ம் ஏரியா' எனப்படும் மூளைப் பகுதிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது. மேற்கோளாக வருபவை நண்பர்கள் முன்பு எழுதியவை.

> 'காட்சிச் சொல்வடிவப் பரப்பு' என்று நேராகவே போட்டுவிடலாமே? மருத்துவர்களுக்கு மூலச்சொல் உடனே பிடிபடும்.

ஐயா, மூலச்சொல் தெரிந்த மருத்துவர் 'விஷுவல் வேர்ட் ஃபார்ம் ஏரியா' என்றே சொல்லிவிட்டுப் போவார். இதை முதன்முதலாகத் தமிழில் படிக்கப்போகும் மாணவிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். அவள் பக்கம் நின்று பார்த்தால் 'காட்சி', 'வடிவம்' இரண்டுமே உதைக்கின்றன.

இந்தப் பகுதி மூளையின் இடது பக்கம், அடிப்புறத்தில், பிடரி மடலும் பொட்டு மடலும் சேரும் இடத்தில் இருக்கிறது. 2000-இல் லாரன் கோஎன், ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளர்களின் குழுவினர் இதற்கு அந்த ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள். கண்ணில் பட்ட கோடுகளும் வளைவுகளும் எந்தெந்த எழுத்து, எந்த வரிசை என்று பிரித்தறிவது இதன் வேலை. எழுத்து சிறிதா பெரிதா, அச்சா கையெழுத்தா என்று அது கவலைப்படுவதில்லை. ஒலிக்கும் பொருளுக்கும் வேறு பகுதிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இது சேதியை அனுப்பிவிடும்.

இப்போது 'வடிவம்' என்ற சொல்லைப் பாருங்கள். கேட்டவுடன் வெளிக்கோடு, உருவம் என்றுதான் மனதில் விழும். தமிழிலேயே இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் வௌவாலை 'வெளவால்' என்று தட்டச்சு செய்கிறோம். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். படிப்பவர் யாரும் தடுக்கி விழுவதில்லை. அதே ஆள் ஒரு சிறுகதையில் 'வெளக்குமாறு' என்று பார்த்தால் 'வெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகச் சரியாகப் படித்துவிடுகிறார். இரண்டு சொல்லிலும் தொடக்க உருவம் அச்சு அசல் ஒன்றுதான். ஒன்றில் 'ள' குறியின் வால், மற்றதில் அது தனி எழுத்து. இதை முடிவு செய்வது கூட வரும் எழுத்துகளும் நாம் ஏற்கெனவே அறிந்த சொல்லும். தேடுபொறிதான் மாட்டிக்கொண்டு விழிக்கிறது.

எழுத்துகள் சேர்ந்து சொல்லைக் காட்ட, சொல் திரும்பி எழுத்துக்கு உதவுகிறது என்பது பழைய சேதிதான். கண்ணிமைக்கும் நேரம் காட்டினால், கோர்வையில்லாத எழுத்துகளைவிடச் சொல்லாக அமைந்தவற்றை அதிகம் பிடிக்கிறோம் என்று 1886-இலேயே உளவியலாளர் ஜேம்ஸ் கேட்டெல் எழுதினார். 1969-இல் ரெய்ச்சர் என்ற உளவியலாளர் இன்னும் கறாராகச் சோதித்தார். தனியே நிற்கும் எழுத்தைவிட, ஒரு சொல்லுக்குள் இருக்கும் அதே எழுத்தைத்தான் மக்கள் சரியாகச் சொன்னார்கள்.

அப்புறம் 'காட்சி'. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் பிரெய்லை விரலால் தடவிப் படிக்கும்போதும் இதே இடம் வேலை செய்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆங்கிலப் பெயர் அதற்கு முன்பே நிலைத்துவிட்டது, மாற்ற முடியாது. புதிதாகப் பெயர் வைக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

> 'வாசிப்பு மையம்' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் அம்மா. ஆனால் ஊராட்சி நூலகத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியது போல் இருக்கிறது! பகடி போகட்டும், 'மையம்' என்றால் எல்லாம் அங்கேயே நடந்து முடிவதாக ஆகிவிடும். இதே இடம் பொருள்களின் படங்களுக்கும் துலங்குகிறது (அதாவது அவற்றைப் பார்த்தாலும் வேலை செய்கிறது), எழுத்துக்கென்று தனிப்பகுதி என்பதே கட்டுக்கதை என்று பிரைஸ், டெவ்லின் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் வாதிட்டார்கள். அந்த விவாதம் எப்படிப் போனாலும், பிறவியிலேயே வாசிப்புக்கென்று ஒதுக்கிய இடமல்ல என்பது உறுதி. எழுத்து தோன்றியே ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது, பிறப்பிலேயே அதற்கென்று மூளையில் ஓரிடம் அமைய அது போதாது. பிரேசில், போர்ச்சுகல் நாட்டவரை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், பெரியவரான பிறகு எழுத்துப் படித்தவர்களுக்கும் இந்தப் பகுதி எழுத்துக்குத் துலங்கியது. ஆகவே 'பகுதி' போதும்.

என் முன்மொழிவு: வரிச்சொல் பகுதி.

நம்மிடம் ஒலிவடிவம், வரிவடிவம் என்ற இணை முன்பே இருக்கிறது. அந்த 'வரி'யை எடுத்துக்கொண்டால் எழுதப்பட்ட சொல் என்பது வந்துவிடும், 'காட்சி' தேவையில்லை. 'எழுத்து' என்று தொடங்கலாம்தான், ஆனால் நம் இலக்கணத்தில் எழுத்து ஒலியையும் குறிக்கும். 'சொல்லுரு' அழகாக இருந்தாலும், கணினிக்காரர்கள் எழுத்துருவின் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள். வரி என்றால் வருமான வரி நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், 'வரிவடிவ'த்தைக் கேட்டு யாரும் பணம் கட்டப் போனதில்லை.

இந்தப் பகுதி பழுதானால் படிக்கும் திறன் போய்விடும், அந்த நிலைக்கு 'சொற்குருடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். இன்று அது வேண்டாம், விவரமாகவும் இல்லை. 1892-இல் ழூல் டெஜரீன் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பதிவு செய்த பாரிஸ் நோயாளி தான் எழுதியதையே பிறகு படிக்க முடியாமல் திகைத்தவர். எண்களைப் படித்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் எழுத்தையும் சொன்னார். கண் கெட்டவர் அல்லர். 'வாசிப்பிழப்பு' என்றால் இருந்தது போயிற்று என்பது தெளிவாகும், குழந்தைகளின் வாசிப்புக் குறைபாட்டோடும் குழம்பாது.

புணர்ச்சி பற்றி ஒன்று. சேர்த்து எழுதினால் 'வரிச்சொற்பகுதி' ஆகும். இலக்கணப்படி சரி, ஆனால் தேடும்போது 'வரிச்சொல்' கிடைக்காது. கலைச்சொல் பட்டியலில் இடம்விட்டு 'வரிச்சொல் பகுதி' என்றே ஏற்றலாம் என்பது என் எண்ணம். மறுப்பிருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.