ஃபிட்டோனியா தலை சாய்த்த நாள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வேர்முடிச்சு எழுதியது:
இலைகளில் நரம்புகள் பளிச்சென்று தெரியும் ஃபிட்டோனியா என்னும் சிறு தொட்டிச்செடி சரிந்து கிடக்கும் காட்சியை அதை வளர்ப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அன்று மாலை வீடு திரும்பியபோது தொட்டியின் விளிம்போடு விளிம்பாகப் படுத்திருந்தது. இதற்கு முன் நான்கைந்து முறை அப்படிக் கிடந்து, தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து நின்ற செடி என்பதால், யோசிக்காமல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுக்கச் சென்றேன். காலையிலும் எழவில்லை, இன்னொரு குவளை ஊற்றினேன். மறுநாளும் அதையே செய்தேன். மூன்றாம் நாள் ஒரு தண்டை இரு விரல்களால் பிடித்து மெல்லத் தூக்கியபோது, பிடிமானம் சிறிதும் இல்லாமல் அது கையோடு வந்துவிட்டது. வேர்களின் மேலுறை உருவிக்கொண்டு மண்ணிலேயே தங்கிவிட, நடுவிலிருந்த நூல்போன்ற இழை மட்டும் தண்டின் அடியில் தொங்கியது. கூடவே தேங்கிய சாக்கடையின் வாடை. அந்த மூன்று நாள்களில் ஒரு முறையாவது மண்ணில் விரல் வைத்திருந்தால் அது சொதசொதவென்று இருப்பது தெரிந்திருக்கும் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

கல்மண் எழுதியது:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. ஆனால் செடி காட்டிய முகம் மட்டும் அச்சு அசல் இதேதான். நான் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றிய நொடியிலேயே அடித்துளை வழியாக அது வெளியேறுவதையும் கண்ணால் பார்த்தேன், ஆகவே தண்ணீர் போதவில்லை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. செடியோ வாடிக்கொண்டே போயிற்று. அழுகல்தான் என்று முடிவு கட்டித் தொட்டியைக் கவிழ்த்தேன். வேர்க்கட்டியின் வெளிப்புறம் ஈரமாக இருந்தது. நடுவில் கத்தியால் பிளந்தபோது உள்ளே மூக்குப்பொடி நிறத்தில் உலர்ந்த தூள் கொட்டியது. அந்தத் தூளுக்குள் ஒரு மெல்லிய வலைப்பை, அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு முக்கால்வாசி வேர்கள். நாற்றாக வளர்த்தபோது சுற்றிய பையை அகற்றாமலேயே விற்றிருக்கிறார்கள், நானும் பார்க்காமலேயே நட்டிருக்கிறேன். பீட், அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசித் தூள், கலந்த மண் ஒரு முறை முழுவதுமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள விரிசலில் இறங்கி ஓடிவிடும். பையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி மூழ்க வைத்தேன். குமிழிகள் வருவது நிற்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. அன்று இரவே இலைகள் நிமிர்ந்தன. அதன்பின் அடித்துளையில் தண்ணீர் வருவதைப் பார்த்து நான் எதையும் நம்புவதில்லை. தொட்டியைக் கையில் தூக்கி, கனத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன்.

மூடிய குடுவை எழுதியது:
இவ்வளவு தொல்லை எதற்கு என்று நினைத்துத்தான் நான் என் செடியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து மூடினேன். மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் வழியை உலகம் அறியச் செய்தவர் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட். 1829 வாக்கில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு புட்டியில் மூடி வைத்திருந்தவர், அந்த மண்ணில் பெரணியும் புல்லும் தாமாகவே முளைத்ததைக் கண்டார். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கிளம்பும் நீராவி கண்ணாடியில் திவலையாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதால் அங்கே தண்ணீர் ஊற்றும் வேலையே குறைந்துவிடுகிறது. ஈரக்காற்றில் தழைக்கும் ஃபிட்டோனியாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஏழு மாதங்கள் குடுவைக்குள் பச்சைக் கம்பளம்போல் பரவியிருந்தது. ஒருநாள் மேசையைத் துடைப்பதற்காகக் குடுவையைச் சன்னல் திட்டில் வைத்தேன், தொலைபேசி ஒலித்தது, பேசி முடித்துத் திரும்பியபோது வெயில் நேராகக் குடுவையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த அந்த ஆவி, கீரை வேகும் பாத்திரத்தைத் திறந்தால் அடிக்குமே, அதேதான். கண்ணாடியை ஒட்டியிருந்த இலைகள் நிறம் மாறி, ஈரத்தாள்போலக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டன. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மூன்றாம் அலமாரி எழுதியது:
என்னிடம் இருந்த ஒன்று குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் இருந்து கருகிப்போயிற்று; என் கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்களிடம் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், கல்மண் அவர்களே, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான் என்றாலும், கனமான பீங்கான் தொட்டியில் ஒரு கரண்டி மண்ணின் ஈரம் கைக்குத் தெரியாது. விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதே மேல். இரண்டாவதாக, இந்தச் செடியை நாடகக்காரி என்று செல்லமாக அழைத்து, அது சரிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவதையே பலர் ஒரு முறையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதன் தண்டில் மரத்தன்மை இல்லை. உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்தான் இலையையும் தண்டையும் தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தால் சரிகிறது, நீர் ஏறினால் நிமிர்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை சரியும்போதும் நுனிவேர்கள் சில காய்ந்துபோகின்றன, இலை ஓரங்கள் பழுப்பேறுகின்றன. ஐந்தாவது முறை அது எழாமல் போனால் செடியைக் குறை சொல்லக் கூடாது. வேர்முடிச்சு அவர்களுக்கும் இதையே சொல்வேன்: நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு மூச்சுவிடக் காற்று இல்லை, மூச்சில்லாத வேர் நீரை உறிஞ்சாது, ஆகவே தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. மூன்றாவதாக, இலைகளின்மேல் தண்ணீர் தெளிப்பதால் காற்றின் ஈரம் கூடும் என்று நம்பி நாளுக்கு நான்கு முறை தெளிப்பவர்களை நான் அறிவேன். அந்த ஈரம் சில நிமிடங்களில் காற்றோடு கலைந்துவிடும்; இலைகளின் நடுவே தேங்கும் நீர் புள்ளி நோய்க்கு வழிவிடும். செடிகளை நெருக்கமாக வையுங்கள், அல்லது காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியை வாங்குங்கள். நான்காவதாக, குழாய்த் தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். குளோரின் பறக்கும், உண்மை. கரைந்திருக்கும் உப்பு எங்கே பறக்கும்? தண்ணீர் ஆவியாக ஆவியாக அது செறிவடையத்தான் செய்யும். இலை நுனி கருகுகிறதென்றால் மழைநீரைப் பயன்படுத்துங்கள். உரமும் அப்படித்தான், வளரும் காலத்தில் மாதம் ஒரு முறை, அதுவும் பாதிக்குப் பாதி நீர்த்து விட்டால் போதும். வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் இருக்கட்டும். பூக்கதிர் நீண்டால் கிள்ளிவிடுங்கள், அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கல்மண் எழுதியது:
மூன்றாம் அலமாரி அவர்களே, என் தொட்டி பீங்கான் அல்ல, கை அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி என்பதை நான் குறிப்பிடாதது என் தவறுதான். ஆனால் விரலை விட்டுப் பார்ப்பதே மேல் என்பதை ஏற்க முடியவில்லை. என் தொட்டியின் மேல்மண் விரலுக்கு ஈரமாகத்தான் இருந்தது. விரல் எட்டாத இடத்தில்தான் தூள் இருந்தது. விரலை மட்டும் நம்பியிருந்தால் இன்று வரை நான் அந்தப் பையைக் கண்டிருக்க மாட்டேன். பூவைக் கிள்ளச் சொல்வதும் உங்கள் விருப்பம் மட்டுமே. கனகாம்பரமும் ஆடாதோடையும் சேர்ந்த குடும்பத்தின் செடி இது. அந்த வெளிறிய கதிரில் இதழ்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், நான் கிள்ளுவதில்லை.

ஒட்டுத்திண்ணை எழுதியது:
சண்டைக்கு நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். ஊர்ந்து படரும் குணத்தை யாருமே இங்கே பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். என் ஃபிட்டோனியாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரணித் தொட்டி இருந்தது. ஃபிட்டோனியா தன் தொட்டியில் வேரழுகிச் செத்துப்போனது, எப்படி என்று கேட்காதீர்கள், வேர்முடிச்சு எழுதியதைத்தான் நானும் செய்தேன். தொட்டியைக் குப்பையில் கொட்டுவதற்காக எடுத்தபோது அது வர மறுத்தது. ஒரே ஒரு தண்டு விளிம்பைத் தாண்டி இறங்கி, பெரணியின் தழைக்கு அடியில் எனக்குத் தெரியாமலேயே போய், மண்ணைத் தொட்ட கணுவில் வேர்விட்டு நிலைத்திருந்தது. தாய்த்தொட்டியின் பக்கமிருந்த தண்டு கறுத்துச் சுருங்கிக் கிடக்க, அந்தக் கணுவுக்கு அப்பால் வெள்ளை நரம்போடிய நான்கு இலைகள் பளபளவென்று இருந்தன. கத்தரிக்கோலால் கறுத்த பகுதியை நறுக்கினேன். தென் அமெரிக்க மழைக்காடுகளின் தரையில் மரநிழலுக்குக் கீழே இது இப்படித்தான் கணுவுக்குக் கணு கால் ஊன்றி நகர்ந்துகொண்டிருக்கும். அன்று முதல் எந்தத் தண்டு விளிம்பைத் தாண்டினாலும் அதன் அடியில் ஈரமண் இட்ட ஒரு சிறு கிண்ணத்தை வைத்துவிடுகிறேன். வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரங்கள் போதும். ஃபிட்டோனியா என்ற பெயர், 1817இல் தாவரவியலை எளிய உரையாடல் வடிவில் எழுதி வெளியிட்ட எலிசபெத், சாரா மேரி ஃபிட்டன் என்னும் சகோதரிகளின் நினைவாக வைக்கப்பட்டது. இரு சகோதரிகள் பெயரைத் தாங்கிய செடிக்கு எப்போதும் இரண்டு தொட்டிகள் இருப்பதே பொருத்தம் என்று என் தங்கை கேலி செய்வாள்.

வேர்முடிச்சு எழுதியது:
அனைவருக்கும் நன்றி. ஒட்டுத்திண்ணை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவே போய்ப் பார்த்தேன். பிடுங்கிய தண்டுகளை மனம் வராமல் ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தேன். அவற்றுள் ஒன்றின் நுனி மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது. அழுகிய பகுதிக்கு மேலே, இரண்டு கணுக்கள் வருமாறு நறுக்கி, கீழ் இலைகளைக் களைந்து, ஒரு மருந்துக் குப்பியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன். குப்பியைச் சன்னலை விட்டுத் தள்ளியே வைத்தேன், மூடிய குடுவை அவர்கள் கவலைப்பட வேண்டாம். இலைகள் இரண்டும் கண்ணாடி விளிம்பில் சாய்ந்திருக்கின்றன. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கை தண்ணீர்ச் செம்பை நோக்கிப் போனது, பிறகுதான் அது ஏற்கெனவே தண்ணீரில்தான் நிற்கிறது என்பது நினைவுக்கு வந்தது.