ஊர்க் குளத்தைத் தூர் வாரணும், ஆனா நடுவுல நாரை கூடு கட்டுது. என்ன பண்றது?

கோரையாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு திருத்துறைப்பூண்டி பக்கம், ஆத்துத்தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை கிராமம். ஊர் பேரு வேணாம், சொன்னா யாரு எழுதுனதுன்னு நாளைக்கே டீக்கடைல பேச ஆரம்பிச்சிடுவாங்க. ஊருக்கு கிழக்கால ஒரு பெரிய குளம் கெடக்கு, எட்டு ஏக்கர்னு பெரியவங்க சொல்லுவாங்க, இப்ப பாத்தா அஞ்சு கூட தேறாது, ஒரு பக்கம் நெய்வேலி காட்டாமணக்கு, இன்னொரு பக்கம் வெங்காயத்தாமரை, தண்ணி வர்ற வாய்க்கா தலைப்புலயே மேடு தட்டிப்போச்சு. சிங்கப்பூர், துபாய்ல இருக்க எங்கூரு பசங்க வாட்ஸப் குரூப்ல காசு போடுறோம் ஹிட்டாச்சி வச்சி தூர் வாருங்கடாங்குறாங்க.

பிரச்சனை என்னன்னா குளத்து நடுவுல கருவேல மரம் நெறய நிக்குது. ஐப்பசி மழை புடிச்சதும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், மடையான், நீர்க்காக்கான்னு எல்லாம் வந்து கூடு கட்டி குஞ்சு பொரிக்குது. பாதி பேரு "கருவேலம் தண்ணிய குடிச்சிடும், எல்லாத்தையும் வெட்டித் தள்ளு"ங்குறாங்க. மீன் குத்தகை எடுத்தவரு பறவையால தான் நட்டம்னு சொல்றாரு, அவருக்கும் வெட்டணும். கிழக்குத் தெரு பொம்பளைங்க எச்சம் நாத்தத்துல படித்துறைல எறங்க முடியலன்னு திட்டுறாங்க, அதுவும் நெசந்தான். எங்க செட்டுல நாலஞ்சு பேருக்குத்தான் பறவை இருக்கட்டும்னு எண்ணம்.

யார்ட்ட அனுமதி வாங்கணும், மரத்த என்ன பண்றது, அப்பறம் முக்கியமா ஊரை எப்படி உள்ள இழுக்குறது? ஞாயித்துக்கிழம களை வெட்டப் போனா எங்க செட்டு மட்டும் தான் வருது, மத்தவங்க கரைல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு போயிடுறாங்க.

---

மதகடி:

தம்பி, மொதல்ல ஒன்னு பாருங்க, அது எந்த கருவேலம்? ஊருல எல்லாத்தையும் ஒரே பேருல சொல்லிப்புடுவாங்க. பூ மஞ்சளா உருண்டையா, காய் மணி கோத்தாப்ல இடுங்கி இடுங்கி இருந்தா நாட்டுக் கருவேலம், ஆடு மாடு திங்குறது, ஏர் கலப்பைக்கு வெட்டுனது. பூ நீட்டா கதிர் மாதிரி வெளிறிப்போய் இருந்தா சீமைக் கருவேலம். குளத்துக்குள்ள நிக்கிறது பெரும்பாலும் நாட்டு மரமாத்தான் இருக்கும், டெல்டால பல ஏரி குளத்துல வனத்துறையே சமூகக் காடு வளர்ப்புல நட்டது. கரை மேல, வாய்க்கா ஓரம் இருக்கறது சீமை. அத எடுங்க, நடுவுல இருக்கறத விட்டுடுங்க.

கூடு இருக்கும்போது மரத்துல கை வச்சா கேஸ் ஆயிடும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கூடு, முட்டைய கலைக்கிறதும் வேட்டையாடுறதுல தான் சேத்தி. கூடே இல்லாத காலத்துலயும் அரசு நிலத்து மரத்த ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணி வெட்டிட முடியாது.

அடுத்தது நாள் கணக்கு. மேட்டூர் ஜூன் 12 தெறந்து ஜனவரி 28 மூடறது தான் மொற. மூடுன பிறகு தண்ணி வத்த மாசி ஆயிடும், ஆனா அப்ப குஞ்சு இன்னும் மரத்துல இருக்கும், மார்ச் வரைக்கும் கூட இருக்கும். அதனால பிப்ரவரி மார்ச்ல தலைப்பு வாய்க்கால், கரை ஓரம் காட்டாமணக்குன்னு மரத்த விட்டு தள்ளி இருக்க வேலைய கையால முடிச்சிட்டு, மிஷினை ஏப்ரல் பாதிக்கு மேல உள்ள எறக்குங்க. கையில மே கடைசி வரைக்கும் நேரம் இருக்கு, கடைமடைக்கு தண்ணி வந்து சேர ஜூன் தாண்டிடும்னாலும் கோடை மழை ரெண்டு அடிச்சா ஹிட்டாச்சி உள்ளயே மாட்டிக்கும்.

மண்ணு எடுக்கறப்ப நாலு பக்கமும் செங்குத்தா வெட்டிட்டு போயிடுவாங்க, விடாதீங்க. சரிவா எடுக்கணும், இல்லன்னா புள்ளைங்க எறங்குனா ஆபத்து, மாடும் எறங்காது, கொக்கு நாரை நின்னு எர பொறுக்க ஆழமில்லாத எடமும் இருக்காது. மரம் நிக்கற எடத்த திட்டா விட்டு சுத்தி மட்டும் தோண்டுங்க. சுத்தி தண்ணி நின்னா நாய் பூனை ஏறாது, பறவை அங்க கட்டுறதே அதுக்குத்தான்.

அனுமதி குளம் யார் கைல இருக்குன்றத பொறுத்தது. ஆயக்கட்டு, அதாவது குளத்துல பாசனம் ஆவுற நெலம், நூறு ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். விஏஓகிட்ட அ பதிவேடும் (நெலம் யாரு பேருல, எவ்வளவுன்னு இருக்கறது) எஃப்எம்பியும் (அளவு போட்ட புல வரைபடம்) பாத்து மொதல்ல சர்வே போடுங்க. எட்டு ஏக்கர் அஞ்சா போனதுக்கு காட்டாமணக்கு மட்டும் காரணமா இருக்காது.

---

சும்மா_ஒரு_ஆள்:

நல்லா இருக்கு எல்லாம். ஆனா தூர் வாருறேன்னு ஆரம்பிச்ச முக்காவாசி குளம் என்ன ஆவுதுன்னு பாத்தா, மொத வாரம் வண்டல் எடுப்பாங்க, அப்பறம் அடில சவுடு மண்ணு தெரிஞ்சதும் லாரி ராத்திரில வர ஆரம்பிச்சிடும், செங்கல் சூளைக்கு போயிடும், ஊருக்கு மிஞ்சறது ஒரு பள்ளமும் ஒரு பேனரும் தான். மண்ணு கணக்கு யார் எழுதுறான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க ப்ரோ. 2024லேர்ந்து வயலுக்கு வண்டல் எடுக்க தாசில்தார் மட்டத்துலயே இலவசமா அனுமதி குடுக்கறாங்க, அதுல போனா எந்த வயலுக்கு எத்தன வண்டின்னு பேப்பர்ல இருக்கும். விவசாயிக்கும் மண்ணு கெடைக்குது, அவனே டிராக்டர் கொண்டாந்து ஏத்திட்டு போவான், உங்க சிங்கப்பூர் காசுல பாதி மிஞ்சும்.

அப்பறம் காட்டாமணக்க வெட்டி கரைலயே போட்டுட்டு வந்துடாதீங்க. அது தண்டுலேர்ந்தே துளிர்க்கற ஜாதி, அடுத்த ஆடிக்குள்ள திரும்ப காடு. வேரோட புடுங்கி மேட்டுல காய வச்சி கொளுத்தணும்.

---

அல்லிக்கொடி:

நான் மன்னார்குடி பக்கம் ஒரு ஊராட்சில வார்டு உறுப்பினரா இருந்தவ. தம்பி, ஊரு வரலன்னு சொல்றீங்க, நீங்க கூப்புட்டது யார? ஞாயித்துக்கிழம காலைல எட்டு மணிக்கு களை வெட்ட வாங்கன்னா எந்த வீட்டு பொம்பள வருவா, அன்னிக்கி தானே கறி எடுத்து சமைக்கணும், துணி மூட்டை கெடக்கும். குளத்துல தெனம் எறங்கறது அவங்க தான், எந்த மூலைல சேறு, எந்த மாசம் தண்ணி பச்சையாவுதுன்னு அவங்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்கு வர்ற எடத்துல போய் உக்காந்து கேளுங்க. மொத வேலையா படித்துறைய சரி பண்ணி குடுங்க. மரத்துலேர்ந்து தள்ளி, காத்து அடிக்காத பக்கமா புதுசா ஒரு எறங்குதுறை வச்சா நாத்தப் பிரச்சன பாதி போயிடும். அதுக்கப்பறம் பறவைய வெட்டி வெரட்டுன்னு அவங்க சொல்ல மாட்டாங்க.

மீன் குத்தகை தான் உங்க ஊர்ல உண்மையான முடிச்சு. நத்தைகுத்தி நாரைக்கு பேருலயே இருக்கு, அது திங்கறது நத்தை, மீனுக்கு அது கணக்கே இல்ல. நீர்க்காக்கா திங்கும், இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா குத்தகைக்காரரு தான் கோடைல மீன் புடிக்க மோட்டார் வச்சி இருக்கற தண்ணியையும் எறைக்கிறாரு, பல எடத்துல கோழிக் கழிவு கொட்டுறாங்க, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடுறாங்க. அது தடை பண்ணுன மீனு, விரால் கெண்டை குறவை எதையும் மிச்சம் வைக்காது. அதனால அடுத்த ஏலத்துக்கு முன்னாடி நிபந்தனைய எழுதி கிராம சபைல தீர்மானம் போடுங்க. அடில இவ்வளவு தண்ணி விட்டுத்தான் புடிக்கணும், கழிவு கொட்டக்கூடாது, கூடு இருக்கற மாசத்துல நடுத்திட்டு பக்கம் வல போடக்கூடாதுன்னு. ஏலத்தொக கொறயும், அதுக்கு ஊராட்சில மொகத்த சுளிப்பாங்க, பரவால்ல. கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவ இருக்கு, மார்ச் 22 தண்ணி நாளு, அன்னிக்கே கொண்டு போங்க. கும்பலா போங்க, கையெழுத்து போடாம எந்திரிக்காதீங்க.

---

உப்பங்காத்து:

நான் முத்துப்பேட்டை. எங்கூரு அலையாத்திக்காட்டு (மாங்குரோவ்) கதைய கேளுங்க, உங்களுக்கு ஒதவும். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 1970கள் வரைக்கும் கூப்பு கூப்பா, அதாவது காட்ட பகுதி பகுதியா பிரிச்சி, வெட்டுனதுல வெட்டுன எடமெல்லாம் தரை பள்ளமாயி கடத்தண்ணி உள்ள தேங்கி, வெயில்ல காஞ்சி உப்பு ஏறி ஒரு செடி மொளைக்கல. அப்பறம் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரங்களும் கமிட்டி போட்டு மீன்முள் மாதிரி கெள வாய்க்கா வெட்டுனாங்க, கடல் ஏத்தவத்தத்துல தண்ணி போய் வர ஆரம்பிச்சதும் அலையாத்தி திரும்ப வந்துச்சி. ஆனா அந்த வாய்க்காலும் தூந்துட்டே தான் இருக்கும், வெட்டிட்டே தான் இருக்கணும். செடி நட்டது விட வாய்க்கா பராமரிப்புல தான் எல்லாம் நிக்குது. உங்க குளத்துலயும் தலைப்பு வாய்க்கா தான் உசுரு, அது அடைஞ்சி கெடந்தா குளத்த எவ்வளவு தோண்டியும் மழைத்தண்ணி தான்.

வெளிநாட்டு காசு பத்தி, கஜா புயல் அடிச்சதுக்கு மறுவருஷம் 2019ல பேராவூரணி பெரிய குளத்த கைஃபாங்குற கடைமடை விவசாயிங்க சங்கத்துப் பசங்க ஊர்க்காசுலயே எறங்கி தூர் வாரினாங்க, பக்கந்தான், ஒரு நாள் போய் கேட்டுட்டு வாங்க.

---

கோரையாத்தங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கி சாயங்காலம் போய் பாத்தேன், மதகடி சார் சொன்னது சரி, நடுவுல நிக்கிறது உருண்ட மஞ்சப் பூ தான், கரைல இருக்கறது சீமை. அல்லிக்கொடி அக்கா, குத்தகை இந்த ஜூன்ல முடியுதாம், அதுக்குள்ள தீர்மானம் போட முடியும்னு நெனைக்கறேன். ஆனா குத்தகைக்காரரு எங்க பெரியப்பா மவன், அதான் சங்கடமே.

எச்சம் விழுந்த தண்ணிய வயலுக்கு பாய்ச்சினா நல்லதுன்னு ஒருத்தரு சொன்னாரு, உண்மையா?

---

மதகடி:

உண்மைதான். வேடந்தாங்கல்ல 1798லயே சிப்பாய்ங்க பறவைய சுடுறாங்கன்னு விவசாயிங்க செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட போய் சொல்லி, சுடக்கூடாதுன்னு உத்தரவே வாங்குனாங்க. எச்சம் கலந்த தண்ணி அவங்க நெல்லுக்கு உரம், அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனாங்க. உங்க குளத்துக்கு கீழ பாசனம் உள்ளவங்க பேரு பட்டியல் எடுத்து அவங்கள கிராம சபைக்கு கூட்டிட்டு போங்க, உங்க அண்ணன்ட்ட அவங்க பேசட்டும், நீங்க பேச வேணாம். சர்வேக்கு மனு இந்த வாரமே குடுத்துடுங்க, சர்வேயர் வர லேட் ஆவும். ஒப்புகைச் சீட்டு வாங்காம வந்துடாதீங்க.