அப்பாவுக்கு வாட்டர்ப்ரூஃப் பேன்ட்: எது நீடித்து உழைக்கும்?

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. ராத்திரி டயாபர் மட்டும் போட்டால் தொடைப் பக்கம் கசிந்து மெத்தை வரை போய்விடுகிறது. அதற்கு மேல் போடும் வாட்டர்ப்ரூஃப் பேன்ட் தேடுகிறேன்.

மெடிக்கலில் வாங்கிய பிவிசி பேன்ட் சீக்கிரமே விறைத்துப்போய், எலாஸ்டிக் ஓரம் கீறல் விட்டுவிட்டது. புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் வேறு. அப்பாவுக்கு அதுதான் பெரிய கூச்சம். துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற நீர் புகாத படலம் ஒட்டிய பியூஎல் ரகம் மெத்தென்று இருக்கும், அதிகம் உழைக்கும் என்கிறார்கள். மதுரை வெயிலுக்கு வேர்க்குரு வராதா? ப்ளீச் ஆகாது, சரி. வாஷிங் மெஷினில் போடலாமா?

ஒரு கை வராது என்பதால் காலில் மாட்டி இழுக்கும் மாடல் சரிப்படாது. படுத்தபடியே இரண்டு பக்கமும் பட்டன் போடுகிற மாதிரி வேண்டும். பட்டன் தெறிக்காமல் நிற்குமா, வெல்க்ரோ தேவலையா?

இடுப்பு 38, தொடை 20 அங்குலம். சர்க்கரை உள்ளவர், எலாஸ்டிக் இறுக்கித் தடம் பதியக் கூடாது.

வீட்டில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடும் யோசனை மட்டும் வேண்டாம், டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார்.