ஏழு மாத நாய்க்குட்டியும் பதினைந்து ஊர்க்கோழியும் ஒரே வளவில்: அவிழ்த்து விடலாமா?

உப்புவெளி வளவு:

எல்லாருக்கும் வணக்கம். இடம் உப்புவெளி, கடற்கரையில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. வளவு 20 பேர்ச், முழுக்க மணல். பேடு 14, சேவல் 1, எல்லாம் ஊர்க்கோழி. கூடு பழைய தகரமும் அறுகோணக் கோழிவலையும். பகல்ல கோழிகள் வளவு முழுக்க மேயும்.

நாய் ரெண்டு. ஆறு வயது ஊர்நாய் கோழியை ஏறெடுத்தும் பார்க்காது. மற்றது ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு, ஏழு மாத ஆண்குட்டி. கோழி ஓடினால் பின்னால ஓடும், காலால அமத்தும், இறகைப் புடுங்கும். இவ்வளவு நாளும் கடிச்சதை ஒருவரும் காணேல்லை. ஆனால் இந்த மாதம் பகல் நேரத்தில ரெண்டு பேடு செத்துக் கிடந்தது. கழுத்தில காயம், உடம்பு அப்படியே இருக்கு. வீட்டில எல்லாரும் குட்டியைத்தான் சொல்லினம்.

கேள்வி மூன்று. கொன்றது குட்டிதானா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைக் கோழியோட பழக்க ஏலுமா, இல்லாட்டி காலம் முழுக்கக் கட்டித்தான் வைக்கோணுமா? கூட்டில எதை மாத்த வேணும்?

தம்பலகாமத்தான்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்லுறன். தீர்ப்புச் சொல்ல முதல் செத்த கோழியை எடுத்து இறகை ஒதுக்கித் தோலைப் பாருங்கோ. வெளியில பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நாய் கடிச்சிருந்தால் முதுகிலயும் வாலடியிலயும் இறகு கொத்துக் கொத்தாகப் போயிருக்கும். மிச்ச இறகு எச்சிலில ஒட்டிப்போய்க் கிடக்கும். பல் இறங்கின ரெண்டு துளைக்கும் இடையில ரெண்டு மூன்று விரல் அகலம் இருக்கும். விளையாட்டில கொன்ற நாய் தின்னாது. சில நேரம் வெளியில ஒரு காயமும் இல்லாமல் உள்ளுக்கு விலா நொருங்கியிருக்கும். அமத்திப் பிடிக்கிற குட்டியால வாற சாவு அந்த மாதிரி.

கீரி பகல்ல வரும். கழுத்திலயோ தலையின்ர பின்பக்கத்திலயோ சின்னத் துளைகள், ஒரு விரல் அகலத்துக்குள்ள. வளர்ந்த பேட்டை இழுத்துக்கொண்டு போக ஏலாட்டி அந்த இடத்திலயே விட்டிட்டு ஓடும். நீங்கள் எழுதினதைப் பார்த்தால் எனக்குக் கீரியிலதான் சந்தேகம். வேலி ஓரத்திலயோ விறகுக் குவியலுக்குப் பக்கத்திலயோ கிடந்தால் இன்னும் உறுதி. வளவின்ர நடுவில, கால்தடமும் சிதறின இறகும் சுத்திவரக் கிடந்தால் குட்டியை யோசிக்கலாம்.

மரநாய் இரவில வாறது, கூரைப் பக்கத்தால இறங்கும். வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) கோழியை முழுசா விழுங்கிப்போட்டு, வயிறு பெருத்ததால, தான் வந்த ஓட்டையால வெளியேற ஏலாமல் விடிய மட்டும் கூட்டுக்குள்ளயே சுருண்டு கிடக்கும். சாரையும் உடும்பும் முட்டையைக் கோதோட விழுங்கும், தடயமே இராது. காகம் கொத்தினால் கோதில ஓட்டை. நாய் முட்டை தின்றால் நொருங்கின கோதும் ஈர மண்ணும் இருக்கும்.

இன்னொன்று, வெளிநாய்க் கூட்டம். கடற்கரைப் பக்கத்து றோட்டு நாய்கள் விடியப்புறம் நாலைந்தாகச் சேர்ந்து வரும். ஒரே நேரத்தில மூன்று நாலு கோழி செத்துக் கிடந்தால் அந்தக் கூட்டத்தையும் யோசியுங்கோ. பழியை எப்பவும் வீட்டு நாயிலதான் போடுவினம், அது வாய் பேசாததால.

நாலுகால்:

குட்டி கொல்லாட்டியும் உங்கட ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. பதில்: பழக்கலாம், ஆனால் இப்ப தனிய விடக்கூடாது. ஏழு மாதம் எண்டால் உடம்பு பெரிசு, புத்தி குட்டி. ஒன்றரை, ரெண்டு வயது ஆகும் மட்டும் ஆள் பார்க்காத நேரத்தில கோழிக்குள்ள விடாதேங்கோ. பசி தீர்ந்தால் துரத்தாது எண்டு வயிறு நிறையச் சோறு போட்டுப் பார்க்கிறவையும் இருக்கினம். துரத்திறது பசியால இல்லை, ஓடுறதைக் கண்டால் ஓடுற குணம் அது.

பழக்கிற முறை. கழுத்துப்பட்டி வேண்டாம், மார்புப்பட்டி போட்டு 15 அடிக் கயிறு. கோழிகள் வலைக்கு உள்ளுக்கு, நாய் வெளியில 30 அடி தள்ளி. கையில அவிச்ச ஈரல், சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக. குட்டி கோழியைப் பார்த்திட்டுத் தானாகத் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிற அந்தக் கணத்தில துண்டைக் குடுங்கோ. பிந்தினால் பிரயோசனம் இல்லை, எதுக்குக் குடுத்தது எண்டு அதுக்கு விளங்காது. ஒரு தரத்துக்குப் பத்து நிமிஷம், காலையும் பின்னேரமும். அமைதியாக இருந்தால் அடுத்த நாள் மூன்று அடி கிட்டப் போங்கோ.

முகத்தைப் பாருங்கோ. வாய் திறந்து நாக்கு வெளிய இருக்கு, வால் தளர்வாக ஆடுது எண்டால் பிரச்சினை இல்லை. வாய் டக்கெண்டு மூடி, காது முன்னுக்கு வந்து, ஒரு முன்னங்கால் தூக்கினபடி அசையாமல் நிண்டால் அடுத்தது பாய்ச்சல்தான். அப்ப கயிற்றைச் சுண்டி இழுக்காமல், கூப்பிட்டுக்கொண்டே பின்னுக்குப் போய்த் தூரத்தைக் கூட்டுங்கோ. வலைக்குப் பக்கத்தில படுத்து நித்திரை கொள்ளுற அளவுக்கு வந்தாப் பிறகுதான் கயிற்றோட உள்ளுக்கு. அதுக்குப் பிறகு கயிற்றை நிலத்தில இழுபட விட்டு, நீங்கள் பக்கத்தில.

எல்லாம் சரி எண்டு நினைக்கிற நேரத்தில பிழைக்கிற இடம் ரெண்டு. ஒன்று, பொழுதுபட கோழிகள் செட்டையடிச்சுக் கூடு ஏறுற நேரம். மற்றது மணல் குளிக்கிற நேரம், இறகு பறக்கப் பறக்கப் புரளுறதைக் கண்டால் நல்ல நாய்க்கும் கை கால் நிக்காது. இந்த ரெண்டு நேரத்தையும் தனியாகப் பழக்க வேணும்.

ரெண்டு நாயையும் ஒன்றாக வைத்துப் பழக்காதேங்கோ. குட்டி துரத்தினால் ஆறு வயசும் சேர்ந்து ஓடும், இவ்வளவு காலமும் சும்மா இருந்ததெல்லாம் போயிடும். அடிக்கவும் வேண்டாம். அடி வாங்கின நாய் ஆள் இருக்கேக்க சும்மா இருக்கும், ஆள் போனாப் பிறகு செய்யும். கோழி மேயிறதைப் பார்க்க விட்டுப் பகல் முழுக்கச் சங்கிலியில கட்டி வைக்கிறது இன்னும் மோசம், ஆசைதான் ஏறும். விடிய ஏழு மணிக்கு முதல் முக்கால் மணித்தியாலம் நடத்திக் களைக்க விடுங்கோ. கச்சான் காத்து (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில பத்து மணிக்குப் பிறகு மணல் பாதத்தைச் சுடும்.

கடற்காத்து:

நாய் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டாலும் இரவில கோழியைக் காக்கிறது கூடுதான். நாய் குரைச்சு எழுப்பும், அவ்வளவுதான். பகல்லயும் வளவை ரெண்டாக்குங்கோ: உள் வட்டம் கோழிக்கு, 4 அடி வேலி போட்டு, வெளி வட்டம் நாய்க்கு. கீரி எந்தப் பக்கத்தால வந்தாலும் நாயைத் தாண்டித்தான் வரோணும். கோழி வேலிக்கு மேலால பறந்தால் ஒரு பக்கச் செட்டையில மட்டும் நீளப் பறக்கும் இறகுகளை, பத்து வரும், பாதியில வெட்டி விடுங்கோ. ரெண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை வந்து திரும்பப் பறக்கும். அடியில கருநீலமாக இரத்தம் ஓடுற புது இறகை வெட்டினால் இரத்தம் நிக்காது, அதை விட்டிட்டு மிச்சத்தை வெட்டுங்கோ.

அறுகோண வலையை நாய் பல்லால இழுத்தால் பிரிஞ்சு வரும். கம்பிகளை வெல்டிங்கால ஒட்டின அரை அங்குலச் சதுர வலை வாங்குங்கோ. கடலுக்குக் கிட்ட வெறும் நாகமுலாம் கெதியாத் துருப்பிடிக்கும், முதல்ல வெட்டின நுனியிலதான் தொடங்கும். பிளாஸ்டிக் பூசின வலை விலை கூட, ஆனால் உப்புக் காற்றுக்கு அதுதான் நிக்கும். எந்த வலை எண்டாலும் வெட்டின நுனிக்குத் துரு எதிர்ப்புப் பெயின்ற் ஒரு கை பூசுங்கோ. கட்டுக்கம்பியால சுத்தாமல் மரச்சட்டம் வைத்து ஆணி அடியுங்கோ, கட்டுக்கம்பி வலைக்கு முதல் உக்கிப் போகும்.

மணல்ல வலையை நெட்டுக்குத்தாகத் தாட்டால் தோண்டத் தோண்ட மணல் சரியும், நாய்க்கு அது சுகம். வலையை ‘ட’ மாதிரி மடிச்சு, ஒரு அடி சுவரில ஏற, ரெண்டு அடி வெளிப்பக்கம் படுக்க வையுங்கோ. தோண்டுற மிருகம் சுவரடியில நிண்டுதான் தோண்டும், காலடியில வலை தட்டும். 6 அடிக்கு 6 அடிக் கூட்டுக்கு 3 அடி அகலச் சுருளில நாலு பக்கத்துக்கு 24 அடி, நாலு மூலைக்கும் சதுரத் துண்டு வெட்ட இன்னொரு 8 அடி. மேல மூன்று அங்குல மணல் போட்டு, வரிசைக்குப் புளொக் கல் அடுக்கி விடுங்கோ. சும்மா மணலை மட்டும் போட்டால் காற்றும் கோழிக் காலும் நாலு நாளில வெளிய எடுத்துப்போடும்.

பதினைந்து கோழிக்கு இரவுக்கு மட்டும் எண்டால் அந்த 6 அடிச் சதுரம் போதும். தங்குகோல் கோழிக்கு 8 அங்குலம், ஆக 10 அடி. 5 அடிக் கோல் ரெண்டு, இடையில ஒன்றரை அடி. முட்டைப் பெட்டி ஒரு அடிச் சதுரத்தில மூன்று. தகரக் கூரையில கிடுகு கட்டுங்கோ, இறப்புக்கு (கூரையின்ர ஓரத்துக்கு) கீழ சுத்திவர ஒரு அடி வலை காற்றுக்கு. தரைக்கு உமி, தம்பலகாமத்து ஆலைகளில எடுக்கலாம். கொழுக்கி ஒன்றை மட்டும் நம்பாதேங்கோ, நாய் மூக்கால தூக்கும். தாழ்ப்பாளும் போட்டு அதில ஒரு கிளிப்பையும் மாட்டுங்கோ.

பருந்துக்கும் காகத்துக்கும் மேல பழைய மீன் வலை போடலாம், திருக்கடலூர்ப் பக்கம் கேட்டால் கழிச்ச வலை கிடைக்கும். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை மட்டும் வேண்டாம். கோழிக் காலில சுத்தினால் தோலை அறுத்து எலும்பு மட்டும் போகும், நாய்க் குட்டி கடிச்சு விழுங்கினால் குடலில சிக்கும். முறுக்கு நூல் வலை பாருங்கோ, தொங்க விடாமல் இறுக்கிக் கட்டுங்கோ.

மருந்துப்பெட்டி:

நாயும் கோழியும் சேர்ந்து இருக்கிற வளவில ஒருவரும் சொல்லாத பிரச்சினை தெள்ளு. கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கடுகு தூவினது போலக் கறுப்பாக, தட்டினாலும் விழாமல் ஒட்டியிருந்தால் அது ஒட்டுத்தெள்ளு. அதே தெள்ளு நாயின் காது ஓரத்திலும் ஏறும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் கோழியில் இருந்து திரும்ப வரும். கோழியில் ஒட்டியதற்கு வாசலீனைத் தடித்த பூச்சாகப் பூசுங்கள், மூச்சடைத்துச் சாகும். கண்ணுக்குள் போகாமல் பார்க்க வேண்டும். கூட்டு உமியை முழுவதும் அள்ளி எரித்துவிட்டுப் புது உமி போடுங்கள். நாய்க்கு விடும் பிப்ரோனில் மருந்தைக் கோழியில் தெளிக்கவே கூடாது. அது முட்டைக்குள் போகும். 2017 இல் ஐரோப்பாவில் கோடிக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றது இதே மருந்தால்தான்.

கோழித் தீவனத்தை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். குஞ்சுத் தீவனத்தில் இரத்தக் கழிச்சலுக்கு எதிராக மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்து கலந்திருக்கலாம், பையில் எழுதியிருக்கும். நாய் அதிகம் தின்றால் பின்னங்கால் தள்ளாடும், பிறகு எழும்ப முடியாமல் போகும். அப்படிக் கண்டால் பையோடு மிருக வைத்தியரிடம் போங்கள். எலிப் பாஷாணம் இந்த மாதிரி வளவில் வேண்டவே வேண்டாம்.

கீரியோடு சண்டை பிடிக்கும் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி ஒரு வருடமும் தவறக்கூடாது. இலங்கையில் கீரி, மரநாய், நரி ஆகியவற்றிலும் விசர் நோய் கண்டிருக்கிறார்கள். கீரி கடித்தால் ஊசி போட்ட நாயையும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆளுக்குக் கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

நாய் கடித்த கோழிக்கு: கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் காயத்தை நன்றாக ஓட விட்டுக் கழுவுங்கள். பிறகு வெளிறிய தேயிலை நிறத்துக்குக் கரைத்த அயடின். துளைக் காயத்தைக் களிம்பால் அடைக்கக் கூடாது, உள்ளே சீழ் வைக்கும். மற்றக் கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்தும், ஆகவே இருட்டான பெட்டியில் தனியே வையுங்கள். இலையான் மொய்க்காமல் வலைத்துணி போடுங்கள், எங்கள் வெயிலுக்கு ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். நாயின் எச்சிலில் உள்ள கிருமி கெதியாக இரத்தத்தில் ஏறும். துளை ஆழமென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

உப்புவெளி வளவு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டாவது பேடு கிடந்தது விறகுக் குவியலுக்குப் பக்கத்தில. இறகை ஒதுக்கிப் பார்த்தால் கழுத்தில சின்னத் துளைதான். இன்னும் ரெண்டு கேள்வி. செத்த கோழியைக் குட்டியின்ர கழுத்தில கட்டிவிட்டால் திருந்தும் எண்டு அயலில சொல்லினம், செய்யலாமா? அடுத்த மாதம் ஒரு பேடு குஞ்சு பொரிக்கப் போகுது, அதை எங்க விடுறது?

நாலுகால்:

கட்டாதேங்கோ. நாய்க்கு அது தண்டனை எண்டு விளங்காது, நாறின இறைச்சி கழுத்தில தொங்குறது பல நாய்க்குச் சந்தோசம். புழுவும் வருத்தமும்தான் மிச்சம்.

குஞ்சுக்காரிக்குத் தனிக்கூடு, குட்டியின்ர கண்ணுக்கு மறைவாக, மூன்று பக்கம் பலகை அடிச்சு. தாய்க்கோழி பாய்ஞ்சு கொத்தினால் குட்டி பயந்து பழகும் எண்டு சில பேர் விட்டுப் பார்ப்பினம். கொத்து விழுறது கண்ணில. குஞ்சின்ர கீச்சுச் சத்தம் வளர்ந்த நாயையும் உசுப்பும், அதால ஆறு வயசையும் அந்தப் பக்கம் விடாதேங்கோ.

கடற்காத்து:

விறகுக் குவியலை முதல்ல வேலியில இருந்து தள்ளி, நிலத்தில இருந்து ஒன்றரை அடி உயர்த்தி அடுக்குங்கோ. கீரி குடியிருக்கிறது அதுக்குள்ளதான். குஞ்சுக் கூட்டுக்கும் அரை அங்குல வலைதான், காலங்குலம் கிடைச்சால் இன்னும் நல்லம். எலிக்கும் குஞ்சு ஆகும். மாரி தொடங்கி முதல் பெருமழை பெய்ஞ்ச உடன படுக்க வைத்த வலையைச் சுத்திப் பாருங்கோ. இறப்புத் தண்ணி விழுற கோட்டில மணல் அரிச்சு, புளொக் கல்லுக்குக் கீழ கை போற அளவுக்குப் பள்ளம் விழும்.