சொல் முன்மொழிவு: துண்டுக் கண்ணாடிகளில் ‘படிநீக்கம்’

குழுவினருக்கு வணக்கம்.

துண்டுக் கண்ணாடித் தொலைநோக்கிகளுக்கு நம் பட்டியலில் ‘சீரமைப்பு’ என்ற ஒரே சொல்தான் உள்ளது. அதற்குள் இரண்டு வேலைகள். ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் 10 மீட்டர் கண்ணாடி; 1.8 மீட்டர் அறுகோணத் துண்டுகள் 36. துண்டை நகர்த்தத் துண்டுக்கு மூன்று இயக்கிகள். முதலில் சாய்வைத் திருத்தி, துண்டுகள் தரும் 36 விண்மீன் படிமங்களையும் ஒரே இடத்தில் விழவைக்க வேண்டும். இதோடு விட்டால் ஒளி 10 மீட்டருக்குச் சேரும், கூர்மை 1.8 மீட்டருக்கே நிற்கும். அடுத்து, துண்டுகளுக்கிடையே உள்ள உயர வேறுபாட்டைப் போக்க வேண்டும். முறையே ‘படிமக் குவிப்பு’, ‘கட்ட ஒத்திசைவு’ (கட்டம்: ஒளியலையின் ஏற்ற இறக்க நிலை, phase) எனலாமா?

— வாணியம்பாடி

ஐயா,

குவிப்பு என்றால் குவியம் திருத்துவதாக நினைப்பார்கள். ‘படிம அடுக்கல்’ இருக்கட்டும். ‘கட்ட ஒத்திசைவு’தான் உறுத்துகிறது. எதிரொளிப்பில் உயர வேறுபாடு இரட்டிக்கும். துண்டுகளுக்கிடையே 450 நானோமீட்டர் படி (உயர வேறுபாடு) இருந்தால், ஒளிக்கு 900 நானோமீட்டர் பாதை வேறுபாடாகிவிடும். 900 நானோமீட்டர் என்ற அந்த ஒரு அலைநீளத்தில் மட்டும் பார்த்தால் கட்டம் கச்சிதமாக ஒத்திருக்கும். படியோ அப்படியே நிற்கும்!

அதனால்தான் கெக்கில் முதலில் அகன்ற பட்டை ஒளி, அதாவது பல அலைநீளங்கள் கலந்த ஒளி. இரு துண்டுகளின் விளிம்பைப் பாதிப் பாதியாக மூடும்படி, கண்ணாடி அளவில் 12 செ.மீ. வட்டத் துளை. படியைச் சிறிது சிறிதாக மாற்றினால் துளைவழிப் படிமம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாறி மாறி வரும். உண்மையான பூச்சியத்தை விட்டு விலக விலக இந்த மாற்றம் மங்கும்; மிகத் தெளிவாக இருக்கும் இடமே பூச்சியம். இருபுறமும் 30 மைக்ரோமீட்டர் வரை தேடலாம், துல்லியம் 30 நானோமீட்டர் அளவில். குறுகிய பட்டை அதன் பிறகுதான்.

நீக்குவது படியை, எனவே ‘படிநீக்கம்’. ரசமட்டத்தை ஒட்டி ‘மட்டமாக்கல்’ என்றால் இங்கே தெலுங்குக் கொத்தனாருக்கும் புரியும், ஆனால் கண்ணாடி வளைவானது.

— குப்பம்

படிநீக்கம் எனக்குச் சம்மதம். (காவலூர் வானாய்வகத் தொலைநோக்கியின் 2.3 மீட்டர் ஒற்றைக் கண்ணாடிக்கு இந்தச் சொல்லே வேண்டாம்.) மூன்றாவது வேலை விட்டுப்போயிற்று: விண்மீனை வைத்துக் கண்ட நிலையை 168 விளிம்புணரிகள் அடுத்த சில வாரங்களுக்குக் காக்கின்றன. விளிம்புக்கு இரண்டு வீதம் 84 விளிம்புகள். இதைப் ‘படிக்காப்பு’ எனலாம். உணரிக்குத் தெரிவது பக்கத்துத் துண்டு மட்டுமே. எல்லா மூட்டுக் கோணங்களும் ஒன்றாக மாறிக் கண்ணாடியின் குழிவு கூடினால் மிக மங்கலாகத்தான் உணரும். அதை விண்மீன் படிமத்தில்தான் திருத்த வேண்டும். அலுமினியப் பூச்சுக்காகக் கழற்றிய துண்டைத் திரும்பப் பொருத்தும்போது அதைச் சுற்றிய உணரிகளின் பழைய அளவுகள் செல்லா. அங்கே படிநீக்கம் மறுபடியும்.

— ஆம்பூர்