ஈரினக் கலப்புக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சேலத்து ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். பள்ளி நூலகங்களுக்கான விலங்கியல் சிறுநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரு வேறு சிற்றினங்கள் கூடிப் பிறக்கும் விலங்கைக் 'கலப்பினம்' என்றே எழுதி வருகிறோம். ஒரே சிற்றினத்தின் இரு வகைகள் கூடிப் பிறக்கும் ஜெர்சி கலப்பின மாடும் கலப்பினம்தான். குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் விலங்கைப் பற்றி வகுப்பில் "கோவேறு கழுதை குட்டி போடாது, அது கலப்பினம்" என்றேன். "எங்கள் வீட்டுக் கலப்பின மாடு மூன்று கன்று போட்டுவிட்டதே, டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அவள் கேட்டது சரி. பிழை நம் சொல்லில் இருக்கிறது. 'ஈரினக் கலப்பி' எனலாமா?

மதுரை, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):

அம்மா, 'ஈரினம்' நல்ல புணர்ச்சி. 'கலப்பி' ஆகாது. மண்வெட்டி, விறகுவெட்டி, தேங்காய்த் துருவி: இந்த இகர ஈறு செய்பவரையோ கருவியையோ குறிக்கும். கலப்பி என்றால் கலக்கும் பொறி; கலந்து பிறந்தது அன்று. நம்மிடம் பழஞ்சொல் இல்லையா? சிலம்பில் கடலாடப் போகும் கோவலன் ஏறியது அத்திரி. கோவேறு கழுதை என்று உரை சொல்வார்கள். அதற்கே வேசரி என்றும் பெயர் உண்டு. வடநாட்டு நாகரமும் தென்னாட்டுத் திராவிடமும் கலந்த கோயில் பாணிக்கு வேசரம் என்று பெயர் வந்ததும் இதனால்தான் என்பார்கள். கல்லில் கலந்ததற்குப் பொருந்தியது கருவில் கலந்ததற்குப் பொருந்தாதா? வேசரி என்றே வையுங்கள்.

தஞ்சை அன்பர்:

ஐயா, வேசரம் வடசொல். அதைக் கடன் வாங்கவா இத்தனை மடல்? 'இருபிறப்பி' என்போம்.

சேலத்து ஆசிரியை:

இருபிறப்பாளர் என்றால் இலக்கியத்தில் அந்தணர். அந்தக் குழப்பம் வேண்டாம், அண்ணா. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேசரியும் விளங்காது.

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் 'மலடு' என்ற பொருளை வைத்துவிடாதீர்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அவை ஒழுங்காக இணை சேராததால்தான் விந்தும் முட்டையும் உருவாவது தடைப்படுகிறது. அப்படியிருந்தும் பெண் கோவேறு கழுதை அரிதாகக் குட்டி ஈன்றதுண்டு. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் ஆண் புலிக்கும் பெண் சிங்கத்துக்கும் பிறந்த ருத்ராணி, ஆசியச் சிங்கத்தோடு இணைந்து குட்டிகள் ஈன்றது. இவ்வகைப் பெரும்பூனைகளில் ஆண் மலடாக, பெண் ஈனக்கூடியதாக இருப்பது மரபியலாளர் ஹால்டேன் 1922இல் சொன்ன விதிக்குப் பொருந்துகிறது: ஈரினக் கலப்பில், இருவகைப் பால் குரோமோசோம் கொண்ட பாலே (பாலூட்டிகளில் ஆண்) முதலில் மலடாகவோ அரிதாகவோ போகும். அந்த ஹால்டேன் பின்னாளில் இந்தியாவிலேயே குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். நம் மாணவர்கள் அறிய வேண்டிய பெயர்.

இன்னொன்று. ஜெர்சியும் நம் நாட்டு மாடும் தனித்தனிச் சிற்றினங்கள் என்று கொள்ளும் அறிவியலாளர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் அந்த மாணவியின் மாடும் ஈரினம்தான்.

யாழ்ப்பாணத்து அன்பர்:

எங்கள் பாடநூல்களில் 'இனம்' என்றாலே நீங்கள் சிற்றினம் என்பது. ஆகவே 'ஈரினம்' எங்களுக்கு உடனே விளங்கும். ஒட்டகச்சிவிங்கியை மறந்துவிட்டீர்களே! ஒட்டகமும் சிவிங்கியும் (சிறுத்தை போன்ற புள்ளி விலங்கு) சேர்ந்த பெயர். கிரேக்கரும் ரோமரும் அதை ஒட்டகமும் சிறுத்தையும் சேர்த்தே அழைத்தார்கள். கமெலோபார்டாலிஸ் என்று அறிவியல் பெயரிலும் அது நிற்கிறது. கலந்து பிறந்த விலங்கு என்ற நம்பிக்கையும் அந்தப் பெயரோடு நெடுங்காலம் வாழ்ந்தது. தாவரவுண்ணியான ஒட்டகமும் ஊனுண்ணியான சிறுத்தையும் கூடிக் குட்டி பிறக்க வழியே இல்லை. நூலில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி கட்டாயம் வேண்டும்.

சேலத்து ஆசிரியை:

பெட்டிச் செய்தி சேர்த்துவிட்டேன், நன்றி. 'கலப்பி'யை விட்டு 'ஈரினக் கலப்புயிரி' என்று மாற்றியதற்குப் பெரும்பாலோர் இசைந்திருக்கிறீர்கள். அதையே வைத்து, ஒரே சிற்றினத்துக்குள் நிகழ்வதை 'வகைக் கலப்பு' என்று பிரித்துவிட்டேன். மாட்டைப் பற்றிய பத்தியை மட்டும் மருத்துவர் ஐயா இன்றிரவு பார்த்துத் தர வேண்டும்.

மதுரை, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):

பெரும்பான்மைக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மா, குட்டியை 'உயிரி' என்று எந்த வீட்டில் அழைப்பார்கள்? கிருமியைத்தான் நுண்ணுயிரி என்கிறோம். அத்திரி என்பதையாவது அடைப்புக்குள் சேருங்கள்.