ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேட்' (had) விட்டுப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

துவாஸ் இரவு ஷிப்ட்:
2014இல் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. நான் வால்வை மூடிப் பத்து நிமிடம் கழித்துத்தான் அடுத்த குழாயில் கசிவு தொடங்கியது. ரிப்போர்ட்டில் 'வென் தி லீக் ஸ்டார்ட்டட், ஐ குளோஸ்டு தி வால்வ்' என்று எழுதிக் கொடுத்தேன். விசாரித்தவர் பென்சில் முனையை 'குளோஸ்டு' மேல் வைத்தார். "அப்படியென்றால் கசிந்த பிறகுதான் மூடினாயா?" "பிஃபோர் சார், பிஃபோர்" என்று நான்கு முறை சொன்னேன். பென்சில் நகரவில்லை. 'ஐ ஹேட் குளோஸ்டு' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

உட்லண்ட்ஸ் அம்மா:
எங்கள் வீட்டில் நேர்மாறு, அண்ணா. மகள் தொடக்கநிலை 5. நடந்து முடிந்ததற்கெல்லாம் ஹேட் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, 'ஐ ஹேட் வோக்கன் அப், ஐ ஹேட் பிரஷ்டு, ஐ ஹேட் ஈட்டன்' என்று கட்டுரை முழுக்க நிரப்பிவிட்டாள். ஒரே பக்கத்தில் 14 சிவப்பு வட்டங்கள், தாளுக்கு அம்மை போட்டதுபோல. வரிசையாக நடந்ததை வரிசையாகச் சொல்லும்போது சாதாரண இறந்தகாலமே போதுமாம். ஹேட்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லாதீர்கள்.

துவாஸ் இரவு ஷிப்ட்:
நான் எங்கே அம்மா அப்படிச் சொன்னேன்? எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஹேட்.

தெக்கா பழசு:
'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தெக்கா' என்றேன், சக ஊழியரிடம். அவர் கோப்பிக் குவளையை வாயருகே பிடித்தபடி காத்திருந்தார். "பிறகு என்ன ஆனது?" ஒன்றும் ஆகவில்லை. மீன் வாங்கினேன், அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 'நான் போனபோது கடையை மூடினார்கள்' என்றால் ஷட்டர் கண்முன்னே இறங்குகிறது. 'மூடியிருந்தார்கள்' என்றால் பூட்டு மட்டும் தொங்குகிறது. அந்தப் பூட்டுக்குத்தான் ஹேட். ஆனால் 'நேற்றுப் போயிருந்தேன்' என்று நாம் சும்மாவும் சொல்வோம்; அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் என் கதைதான். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருந்தால் முன்பின் அதிலேயே தெரிந்துவிடும், ஹேட் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. இந்தச் சிங்கப்பூரில் 'ஆல்ரெடி' ஒன்றை வைத்தே பேச்சை ஓட்டிவிடுகிறோம், யாருக்கும் புரியாமல் போவதில்லை. ரிப்போர்ட்டில் எழுதும்போதுதான் வினை. துவாஸ் தம்பி, 'பிஃபோர்' என்று வாயால் சொன்னதைத் தாளிலேயே எழுதியிருக்கலாமே?

துவாஸ் இரவு ஷிப்ட்:
எழுதியிருக்கலாம் ஐயா. கையெழுத்துப் போட்ட பிறகு தாளைத் திருப்பித் தரவில்லை.